பயமுறுத்தக் கூடாத பொம்மை

1

நான் குடியிருக்கும் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை, வெயில் கொஞ்சம் தலைகாட்டும் மாதத்தில், சோளக்காட்டுப் பொம்மைத் திருவிழா நடக்கும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத சிற்றூர் இது. இங்கே சோளம் கிடையாது. விரட்டியே ஆகவேண்டிய பறவையும் கிடையாது. இருந்தாலும் வீட்டுக்கு வீடு வாசலில் வைக்கோல் பொம்மை செய்து நிறுத்துவார்கள். வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து ஒரு வரைபடம் வாங்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். வசூல் தேவாலயத்தின் கூரைக்குப் போகும். நான் குடிவந்த நாளிலிருந்து அந்தக் கூரைக்கு வசூல் நடக்கிறது, கூரையும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊரை விட்டு வந்த மாதிரியே இல்லை.

இத்தனை வருடம் நான் இதில் கலந்துகொண்டதில்லை. வயலில் நிற்கவேண்டியதை வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு என்ன சந்தோஷம்? இந்த வருடம் நானே போய்ப் பெயர் கொடுத்தேன். காரணம் கலை ஆர்வம் அல்ல, கோபம். நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் எங்கள் காட்டுக்குப் போகும் தடம் ஒன்று தை மாதத்தில் பறிபோனது. அந்தத் தடத்தைத் தாண்டித்தான் என் பங்கு நிலம் இருக்கிறது. அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டு இன்னும் இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவது என்று நானும் என் மனைவி சாந்தியும் முடிவு செய்திருந்தோம். தடம் இல்லையென்றால் செங்கல் போகாது, மணல் போகாது, நானும் போக முடியாது. கோபத்தைக் காட்ட அங்கே ஆள் இருந்தும் நான் இல்லை. இங்கே நான் இருந்தும் ஆள் இல்லை. அதனால் வைக்கோல் வாங்கப் போனேன்.

எங்கள் மகள் இனியா பதினைந்து வயதுக்காரி. தமிழில் சொன்னால் புரிந்துகொள்வாள், இங்கிலீஷில் பதில் சொல்வாள். நான் பெயர் கொடுத்ததைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. என் தோழிகள் எல்லாரும் இந்தத் தெரு வழியாகத்தான் வருவார்கள் அப்பா, என்றாள். வரட்டும், அதற்குத்தானே வைக்கிறேன் என்றேன்.

2

வைக்கோல் கட்டும்போது இனியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உதவிக்கு அல்ல. நான் எந்த அளவுக்கு மானத்தை வாங்கப் போகிறேன் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள. இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டாள்.

சோளக்காட்டுப் பொம்மை என்றேன். அர்த்தம் கேட்டாள். சொன்னேன். யோசித்துவிட்டு அவள் சொன்னது: "அது எங்கே நிற்கிறது என்று சொல்கிறது, சரி. என்ன வேலை செய்கிறது என்று சொல்லவே இல்லையே?"

எனக்கு இது தோன்றியதே இல்லை. இங்கிலீஷ்காரன் வைத்த பெயரில் வேலை இருக்கிறது. ஸ்கேர்குரோ, காக்கையை மிரட்டு, அவ்வளவுதான். எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து நண்பரைக் கேட்டேன். அவர்கள் ஊரில் அதை வெருளி என்பார்களாம். அதிலும் வேலை இருக்கிறது, வெருட்டுகிற வேலை. நாம் வைத்த பெயரில் விலாசம் மட்டும்தான் இருக்கிறது. அந்த விலாசமும் பழசு. எங்கள் பக்கம் சோளம் விதைப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மஞ்சள், குச்சிக்கிழங்கு என்று காடு எப்போதோ மாறிவிட்டது. பொம்மைக்கு மட்டும் இன்னும் சோளக்காட்டில்தான் குடியிருப்பு.

வேலையை ஏன் பெயரில் சொல்லவில்லை என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் வம்பு, அதனால்தான். நம் பொம்மை பறவைக்காக நிற்பதில்லை. பறவைக்காக என்றால் பயிருக்கு நடுவில் அல்லவா நிறுத்த வேண்டும்? நாம் நிறுத்துவது தடத்தோரம், போகிறவர் வருகிறவரைப் பார்த்த மாதிரி. மண்சட்டிக்குச் சுண்ணாம்பு பூசி, கரியால் கண்ணும் முறுக்கு மீசையும் வரைந்து, சிவப்பாக நாக்கைத் தொங்கவிட்டு, பழைய பேண்ட்டும் சட்டையும் மாட்டி நிறுத்துகிறோம். குருவி அதன் தோள்மேலேயே உட்கார்ந்து கதிரைக் கொத்தும். யாரும் கவலைப்படுவதில்லை. "பயிர் நல்லா வந்திருக்குதுங்களே" என்று தடத்தில் நின்று ஒருவர் பெருமூச்சு விடுவார் பாருங்கள், அந்த மூச்சுக்கும் அந்தக் கண்ணுக்கும்தான் பொம்மை. வெளிப்படையாகச் சொன்னால், சொந்தக்காரர்களுக்கு. இதைப் பெயரில் எழுதி வைக்க முடியுமா?

இனியாவிடம் இதைச் சொன்னபோது அவள் முதல்முறையாகச் சிரித்தாள். அப்படியானால் காக்கைக்குப் பதிலாக மாமா, சித்தப்பாவை மிரட்டுவதா என்று கேட்டாள். மாமாவை விட்டுவிடு, சித்தப்பா சரி என்றேன்.

3

பொம்மை நிறுத்த இந்த ஊரில் விதிமுறை உண்டு. விழாக் குழுவின் தலைவி மார்கரெட் அம்மாள், ஓய்வு பெற்ற பள்ளித் தலைமை ஆசிரியை, ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். பொம்மை காற்றில் சாயக் கூடாது. நடைபாதையை மறைக்கக் கூடாது. தீப்பிடிக்கும் பொருள் இருக்கக் கூடாது. வைக்கோல் எதில் சேர்த்தி என்று கேட்டேன், வைக்கோலுக்கு விலக்கு உண்டாம். உயிரோடு இருக்கும் யாருடைய சாயலும் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் கீழே, கொட்டை எழுத்தில், குழந்தைகளைப் பயமுறுத்தும்படி இருக்கக் கூடாது.

"பயமுறுத்தாத பொம்மைக்கு என்ன வேலை?" என்றேன்.

"எல்லாரையும் மகிழ்விக்கும் வேலை" என்றார் மார்கரெட் அம்மாள், சிரிப்பு மாறாமல்.

அவர் சுண்ணாம்புத் தலையையும் தொங்கும் நாக்கையும் பார்த்தார். நாக்கைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டார். கேட்டார் என்பதைக் கவனியுங்கள். இங்கே யாரும் குறை என்று சொல்வதில்லை. குறைக்க உங்களுக்குச் சம்மதமா, ஒன்றும் சிரமம் இல்லையே, மன்னிக்கவும், ஒரு சின்ன யோசனை என்றுதான் வரும். வந்த புதிதில் இதெல்லாம் உண்மையான கேள்வி என்று நம்பி நான் சில முறை முடியாது என்று பதில் சொல்லியிருக்கிறேன். வேலை போகாமல் தப்பித்தது என் அதிர்ஷ்டம். பிறகு கற்றுக்கொண்டேன். இப்போது என் வீட்டுக் குளியலறைக்குள் போவதற்கு முன்னால்கூட ஒரு மன்னிக்கவும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

நாக்கைப் பாதியாக வெட்டினேன்.

4

என் தம்பி முருகேசன்தான் ஊரில் எங்கள் காட்டைப் பார்த்துக்கொள்கிறான். அவன் பங்கும் என் பங்கும் ஒரே துண்டு நிலம், இன்னும் நடுவில் எல்லைப் பொழி போட்டுப் பிரிக்கவில்லை. பஞ்சாயத்து ரோட்டிலிருந்து எங்கள் காட்டுக்குப் போக, நல்லதம்பி சித்தப்பாவின் காட்டோரமாக ஒரு வண்டித்தடம் உண்டு. நல்லதம்பி சித்தப்பா எங்கள் அப்பாவுக்குச் சித்தப்பா மகன், பங்காளி. தடம் எங்கள் தாத்தாக்கள் வாய்வார்த்தையாக விட்டது. எந்தக் காகிதத்திலும் கிடையாது. போய்வந்துகொண்டே இருப்பதுதான் அதற்குப் பத்திரம்.

அப்பா போன பிறகு சித்தப்பாவுக்குத் தடத்தின்மேல் கண். ஒரு பக்கம் வாழை வைத்துப் பார்த்தார். இன்னொரு பக்கம் சாணிக்குழி தோண்டிப் பார்த்தார். முருகேசன் சாதுவான ஆள், சண்டைக்குப் போகமாட்டான். அவனுக்கு ஒரே ஆயுதம்தான் இருந்தது, நான்.

தொழிற்சாலையில் நான் மாவும் ரொட்டியும் தரமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறவன். உள்ளே நடக்கும்போது கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில், வெள்ளிப் பட்டை ஓடும் ஒரு மேல்சட்டை போடவேண்டும். லாரி ஏற்றுகிறவன், தரை கூட்டுகிறவன், எல்லாருக்கும் அதே சட்டைதான். அதைப் போட்டுக்கொண்டு எடுத்த படம் ஒன்றை முருகேசனுக்கு அனுப்பியிருந்தேன். அவன் அதை ஊரெல்லாம் காட்டி, அண்ணன் லண்டனில் ஆபீசர் என்று சொல்லிவிட்டான். எந்த இலாகா என்று அவன் சொல்லவில்லை. சட்டையைப் பார்த்துவிட்டு ஊரே போலீஸ் இலாகா என்று முடிவு செய்துகொண்டது. நான் லண்டனிலும் இல்லை, ஆபீசரும் இல்லை என்று விளக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. சும்மா இருப்பவனுக்குக் கிடைக்கும் மரியாதையை எவன் வேண்டாம் என்பான்?

ஒருமுறை ஊருக்குப் போகிற ஒருவரின் பெட்டியில் இடம் இருந்தது என்று பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். முருகேசன் அதைத் தடத்தோரம் நின்ற பொம்மைக்கு மாட்டிவிட்டான். வாழைக்கன்று ஒரே வாரத்தில் பின்வாங்கியதாம். "என்ற அண்ணன் வந்தா கலெக்டர் ஆபீசு வரைக்கும் போயிருவாருங்க" என்று போகிற போக்கில் சொல்லி வைத்தால் போதுமாம், சித்தப்பா அன்றைக்குத் தடத்துப் பக்கமே வரமாட்டாராம். இப்படியே பல வருடம் நான் இங்கே ரொட்டியைப் பிய்த்துப் பார்த்துக்கொண்டு, அங்கே தடத்தைக் காவல் காத்திருக்கிறேன்.

மயில்கள் மட்டும் பயப்படவில்லை. பக்கத்துக் கரட்டுக் குன்றிலிருந்து கூட்டமாக இறங்கிக் கடலைக்காட்டைக் கிளறிவிடுகின்றன. அடிக்கவும் கூடாது, பிடிக்கவும் கூடாது, தேசியப் பறவை. பொம்மையின் தலையிலேயே ஏறி நின்று தோகை விரிக்கின்றன. முருகேசன் காட்டைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டிப் பார்த்தான், பளபளக்கும் நாடா கட்டிப் பார்த்தான். கடைசியில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி, அதில் ஆள் அதட்டுகிற சத்தத்தை ஓடவிட்டால் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீங்க ஒரு அதட்டலு போட்டு அனுப்புங்ணா, புது ஆள் சத்தம்னா பயப்படும்" என்றான். சமையலறையில் நின்று அதட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிடுவார் என்று சாந்தி கையைப் பிடித்தாள். மெதுவாக அதட்டி அனுப்பினேன். மறுநாள் முருகேசன் பேசினான்.

"ஏனுங்ணா, இது மயிலைச் சோறு திங்கக் கூப்புடற மாதிரியில்ல இருக்குது?"

அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

5

தைக்கு ஊருக்குப் போனேன். பல வருடம் கழித்து, வீட்டுக்கு இடம் குறிப்பதற்காக, தனியாக. சேலம் ஜங்ஷனில் இறங்கிச் சூரமங்கலத்தில் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததும் வாய் தானாகத் தேங்க்ஸ் சொன்னது. அவர் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீதி கொடுத்தாச்சுங்களே, அப்பறம் எதுக்குங்க தேங்க்ஸு?"

பக்கத்தில் இருந்தவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அளவுக்கு மீறிப் பணிவாக இருப்பவன் திருடனாக இருக்கவேண்டும் அல்லது எதையாவது விற்க வந்தவனாக இருக்கவேண்டும். ராசிபுரம் பஸ்ஸிலும் அப்படியே சொன்னேன், நாமகிரிப்பேட்டையில் டீக்கடையிலும் சொன்னேன். வாயை நிறுத்த முடியவில்லை.

மறுநாள் காலையில் முருகேசனும் நானும் காட்டுக்குக் கிளம்பினோம். தடம் தொடங்கும் இடத்தில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய டிராக்டர் ஓட்டுகிற ஆளும், பால் எடுக்க வந்தவர் ஒருவரும். என்னைக் கண்டதும் சித்தப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். பெரிய மனிதர், வயதில் மூத்தவர், எனக்காகத் தலைத்துண்டை அவிழ்க்கிறார். இந்த மரியாதை என் தொழிற்சாலையில் ஓர் ஆளுக்கும் தெரியாதே என்று ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

"வாங்க சாமி, எப்ப வந்தீங்க? ஊட்டுல எல்லாரும் சொகந்தானுங்களா?" என்றார். குரலில் தயக்கம் இருந்தது. முருகேசன் என் பக்கத்தில் அகலமாக நின்றான்.

டிராக்டரின் பின்பெட்டி தடத்தில் பாதியை மறித்து நின்றது. மற்றவன் என்றால் என்ன செய்திருப்பான்? "வண்டிய எடுப்பா" என்று சொல்லியிருப்பான். அல்லது ஒன்றும் சொல்லாமல் பெட்டியை இடித்துக்கொண்டு போயிருப்பான். என் தம்பி போயிருப்பான். தம்பியின் ஆடு போயிருக்கும். நான் பெட்டியைப் பார்த்தேன், சித்தப்பாவைப் பார்த்தேன், இருபது வருடம் ரயிலிலும் கடையிலும் வரிசையிலும் பழகிய வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"சித்தப்பா, இப்படிப் போலாமுங்களா?"

முருகேசன் என் முழங்கையைப் பிடித்தான், ஆனால் சொல் போய்விட்டது. பால்காரர் கேனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். சித்தப்பா என்னை உற்றுப் பார்த்தார். இவ்வளவுதானா என்கிற பார்வை. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, உதறி, நிதானமாக மறுபடி தலையில் கட்டினார்.

"அட, போங்க சாமி! நம்ம காடுதான, தாராளமாப் போங்க. எலேய், வண்டிய ஓரங்கட்டுடா, கேட்டுட்டு நிக்கறாரில்ல?"

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? தேங்க்ஸ் சொன்னேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் என்னைப் போல வெளியே வந்து புத்தி மழுங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கம் தடத்தில் கேட்டுவிட்டுப் போகிறவன் தடம் இல்லாதவன். கேட்காமல் போகிறவனுக்குத்தான் தடம் சொந்தம். சாட்சி வைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டுவிட்டால் பிறகு காலம் முழுக்கக் கேட்கவேண்டும். வாழை வைத்தும் குழி வெட்டியும் சித்தப்பாவால் முடியாததை, நான் மரியாதையாக நாலு வார்த்தை பேசி முடித்துக் கொடுத்துவிட்டேன்.

காடு போய்ச் சேரும்வரை முருகேசன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். வீட்டுக்கு இடம் குறிக்க என்று கயிறும் முளைக்குச்சியும் கொண்டு போயிருந்தோம். அதை எடுக்கவே இல்லை.

6

நான் இங்கே வந்து சேர்வதற்குள் அங்கே தடத்தின் குறுக்கே கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள். என் பழைய சட்டையைப் போட்டிருந்த பொம்மை கம்பிக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் எல்லைக்குள் மாட்டிக்கொண்டது. சட்டையைக் கழற்றி டிராக்டர் ஓட்டுகிறவர் போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

மஞ்சள் வெட்டு ஆரம்பமாகும் நேரம். வெட்டிய மஞ்சளை வேகவைக்கிற இடத்துக்கு டிராக்டரில் ஏற்ற வழியில்லை. ஆட்களை வைத்துத் தலைச்சுமையாக, ஓடையைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்குச் சுமந்திருக்கிறார்கள். முருகேசனும் அவன் மனைவியும்கூடச் சுமந்திருக்கிறார்கள். அவன் போனில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசியதை நான் சூடான அறையில் உட்கார்ந்து கேட்டேன். அவமானமாக இருந்தது.

"சித்தப்பன் ஊரெல்லாம் சொல்றாருங்ணா. அவங்கண்ணன் பெரிய படிப்புப் படிச்சவரு, சட்டம் தெரிஞ்சவரு, அவரே எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போனாரு, அப்பறம் என்னன்னு. பால்காரரும் ஆமாங்கறாரு."

"நான் மரியாதைக்குக் கேட்டேன்டா."

"மரியாதைக்கு ஊட்டுக்குள்ள வாரப்பக் கேளுங்ணா. தடத்துல போயி யாராவது கேப்பாங்களா?"

வக்கீலைப் பார்க்கலாம் என்றேன். தீர்ப்பு வரும்போது தடத்தில் போக நாங்கள் யாரும் இருக்கமாட்டோம் என்றான். அப்படியானால் உடனே லீவு போட்டுக் கிளம்பி வந்து, நான் கேட்டது மரியாதைக்குத்தான், அனுமதி அல்ல என்று சித்தப்பாவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன் என்றேன். எனக்கே என் குரல் வீரமாகக் கேட்டது.

"வேண்டாமுங்ணா" என்றான் உடனே. "நீங்க வராம இருந்த வரைக்கும் தடம் இருந்துச்சுங்க. பாக்காத வரைக்கும் பயம். பாத்துட்டாங்க."

அந்தக் கோபத்தில்தான் விழாவுக்குப் பெயர் கொடுத்தேன். வைக்கோலைத் திணிக்கத் திணிக்க உருவம் தானாகச் சித்தப்பாவாக மாறியது. தொப்பை வைத்தேன். தலையில் துண்டைக் கட்டினேன். முருகேசன் பொங்கலுக்கு அனுப்பும் புகைப்படங்களில் இனியா அவரைப் பார்த்திருக்கிறாள். உயிரோடு இருக்கும் ஆளின் சாயல் கூடாது என்று விதி இருக்கிறதே அப்பா என்றாள். இந்த ஊரில் அவரை யாருக்குத் தெரியும் என்றேன். உனக்குத் தெரியுமே என்றாள். நான் திணித்துக்கொண்டே இருந்தேன்.

பொம்மைக்குப் பெயரட்டை கட்டாயம், கீழே அர்த்தமும் எழுதவேண்டும். பங்காளி என்று எழுதினேன். இதை எப்படி மொழிபெயர்ப்பது? பங்கு உள்ளவன் என்பதால் ஷேர்ஹோல்டர் என்று போட்டேன். மார்கரெட் அம்மாள் அட்டையைப் படித்துவிட்டுத் தொப்பையையும் பாதி நாக்கையும் பார்த்துக் கைதட்டினார். முதலாளிகளைப் பற்றி இவ்வளவு துணிச்சலான விமரிசனம் இதுவரை எங்கள் விழாவில் வந்ததில்லை என்றார். நான் தலையாட்டினேன். மறுக்காமல் இருந்து மரியாதை வாங்குவது எனக்குப் பழகிய தொழில்தானே.

7

விழா அன்று சனிக்கிழமை. வரைபடத்தோடு ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். குழந்தைகள் சித்தப்பாவின் வயிற்றைக் குத்திவிட்டு ஓடினார்கள். ஒரு குழந்தைகூட அவரைப் பார்த்துப் பயப்படவில்லை, விதிமுறை முழுதாகக் கடைப்பிடிக்கப்பட்டது. இனியா தோழிகளைக் கூட்டிவந்து, இது எங்கள் சொந்தக்காரர், எங்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து எங்கள் நிலம் என்ற சொல் வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது, உள்ளபடியே சொல்கிறேன்.

அந்த நேரத்தில் முருகேசன் அழைத்தான். குரல் தெளிவாக இருந்தது.

"பேசி முடிச்சாச்சுங்ணா. பெரியவங்க நாலு பேரு உக்காந்தாங்க. கம்பியப் பிரிச்சுட்டாரு சித்தப்பன். டிராக்டரு போகுது."

"நெஜமாவா? எப்படிடா ஒத்துக்கிட்டாரு?"

"இங்க இருக்கறவனுக்குத் தடம் வேணும், அவன் பொழப்ப அடைக்கக் கூடாதுன்னுட்டாங்க. எனக்கும் என்ற பசங்களுக்கும் தடம் உண்டு. அவரும் சரின்னுட்டாருங்க."

"சரி. எனக்கு?"

அவன் கொஞ்சம் இருமினான். அந்தப் பக்கம் யாரோ மாட்டை ஓட்டும் சத்தம் கேட்டது.

"உங்களப் பத்திப் பேச்சு வந்துச்சுங்ணா. அவரு இங்க இல்லியே, வாரப்பப் பாத்துக்கலாம்னாங்க. அதுக்கு மேல இழுத்தா எனக்குங் கெடைக்காதுன்னு நானும் உட்டுட்டனுங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"நான் ஊடு கட்டறதாச் சொன்னியா?"

"சொல்லலீங்க."

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தலைச்சுமை சுமந்தவன் அவன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் சரிடா என்று சொன்ன என் குரலில் சுருதி இறங்கிவிட்டது. அவனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், சமாதானமாகச் சொன்னான்.

"அதுக்கென்னங்ணா, நீங்க வாரப்பச் சித்தப்பன ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிக்கங்க. மாட்டேன்னா சொல்லப்போறாரு? உங்களுக்குத்தான் நல்லாக் கேக்க வருமே."

அவன் குத்திச் சொன்னானா, வெள்ளந்தியாகச் சொன்னானா என்று இதை எழுதும்வரை எனக்குத் தெரியவில்லை. மார்கரெட் அம்மாள் வாசலில் யாருக்கோ என்னைக் கைகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு கேட்டேன்.

"அப்ப அடுத்த தைக்கு நான் வரட்டுமா முருகேசா?"

கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, தம்பியிடமும் அனுமதி கேட்டுவிட்டேன். அவனுக்கு அதற்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

"மஞ்ச வெட்டி முடியட்டுங்ணா" என்றான். "அப்பறம் பாக்கலாம்."